இடப்பக்க ஓட்டை

பூபதியின் கம்ப்யூட்டரில் கோளாறு என்று சொன்னது பூபதி அல்ல, அவர் மனைவி மைதிலி. விளையாடுகிறவர் ஒருவர், புகார் சொல்கிறவர் இன்னொருவர் என்றால் அது பெரும்பாலும் வேறு மாதிரியான பிரச்சினையாக இருக்கும். பொள்ளாச்சி கோட்டூர் ரோட்டில் பதினோரு வருஷமாக, கம்ப்யூட்டரில் படம் வரைகிற கிராபிக்ஸ் கார்டுகளுக்கு ரிப்பேர் கடை வைத்திருக்கும் வினோதினிக்கு அது நன்றாகவே தெரியும். 'எப்படியாவது இது ஓடாம பண்ணிருங்க' என்று காதோடு சொல்லிவிட்டுப் போன மனைவிகள் உண்டு. மைதிலி அந்த ரகமாகத் தெரியவில்லை.

"மூணாவது தடவைங்க அம்மிணி. அதே ஓட்டைதான், மறுக்காவும் வந்துருச்சு" என்று சொல்லிக்கொண்டே, துண்டில் சுற்றிக் கொண்டுவந்த கார்டை மேஜைமேல் வைத்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலீங்க" என்றார் பூபதி. "நான்பாட்டுக்கு ஓட்டிட்டு இருக்கறேன். இவ பின்னால வந்து நின்னுக்கிட்டு ஓட்டை ஓட்டைங்கறா."

பூபதி பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை போகும் பஸ்ஸின் டிரைவர். வயது நாற்பத்தாறு. நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி, நாற்பது இறங்கி, வீட்டுக்கு வந்து கை கால் கழுவிவிட்டு அவர் உட்கார்வது பஸ் ஓட்டுகிற கேமில். அதைச் சொல்லிச் சொல்லி மைதிலி சிரிப்பாள். "பகல் பூராவும் பஸ்ஸு, வீட்டுக்கு வந்தாலும் பஸ்ஸு. சோறு போடறதுக்கு முன்னாடி என்னையும் டிக்கெட் வாங்கச் சொல்லாம இருந்தாச் சரிங்க."

"அந்த பஸ்ஸுல நான் பனிமலைக்குப் போவேன், பாலைவனத்துக்குப் போவேன். நம்ம முதலாளி அங்கெல்லாம் ரூட்டு வெச்சிருக்காரா?" என்று அவர் கேட்பார்.

கோளாறு இதுதான். ஓடுகிற படத்தில் ஒரு துண்டு காணாமல் போகிறது. ஒரு டிபன் தட்டு அளவுக்குச் சாம்பல் நிறம், அதற்குள் ரோடும் இல்லை, மரமும் இல்லை. ஆவணியில் முதல் தடவை வந்தபோது வினோதினி, இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தாள். தூசி தட்டினாள், ஃபேனைச் சுத்தம் பண்ணினாள், சூடு தணிக்கிற பழைய பேஸ்ட்டைச் சுரண்டிப் புதிதாகத் தடவினாள், கடைசியில், விளையாடுகிறவரின் பழக்கத்தைப் பார்த்துப் பார்த்துக் கார்டு கற்று வைத்திருந்ததை மொத்தமாக அழித்தாள். இந்தக் காலத்துக் கார்டுகளுக்கு அழிப்புதான் முதல் மருந்து. தலைவலி என்றாலும் காய்ச்சல் என்றாலும் ஒரே மாத்திரை கொடுக்கிற டாக்டர் மாதிரி, எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் அழித்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பார்கள். பிறகு அவளே உட்கார்ந்து அரை மணி நேரம் விளையாடிப் பார்த்தாள். படம் கண்ணாடி மாதிரி இருந்தது. புரட்டாசியில் மறுபடி வந்தது, மறுபடி அழித்தாள், மறுபடி விளையாடிப் பார்த்தாள். இப்போது ஐப்பசி.

ஒரே கார்டு மூன்று தடவை திரும்பி வந்தால் கடைக்காரிக்கு ரோஷம் வரும். வினோதினிக்கும் வந்தது.

"இந்தத் தடவை நான் ஒண்ணும் அழிக்கப் போறதில்லண்ணா. கார்டை மாட்டித் தர்றேன், நீங்களே உக்காந்து ஓட்டுங்க. நான் பின்னால நின்னு பாக்கறேன்" என்றாள்.

பதினோரு வருஷத்தில் இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கடை மேஜையில் வாடிக்கையாளரை விளையாட விட்டால் எழுப்புவது கஷ்டம் என்பதால், எந்தக் கார்டையும் அவள்தான் சோதிப்பாள்.

பூபதி சந்தோஷமாக உட்கார்ந்தார். மானிட்டரின் தலையில் இருந்த சின்னக் கேமரா அவர் கண்ணைத் தேடிப் பிடித்தது. பஸ் ஒரு மலைப்பாதையில் ஏறத் தொடங்கியது. ஐந்து நிமிஷம் ஒன்றும் இல்லை. பிறகு மைதிலி வினோதினியின் முழங்கையைத் தொட்டாள். இடப்பக்கம், கொஞ்சம் கீழே, சாம்பல் வட்டம்.

"அண்ணா, மேல இருக்கற கண்ணாடியப் பாருங்க" என்றாள் வினோதினி.

அவர் கண்ணாடியைப் பார்த்தார். வட்டம் மேலே ஏறியது.

"இப்ப ஸ்பீடு மீட்டர்."

வட்டம் இறங்கியது. அவர் எங்கே பார்த்தாலும் அந்த இடத்துக்கு ஒரு ஜாண் இடப்பக்கம், ஒரு ஜாண் கீழே, கூடவே போனது. பூபதி எதையும் கவனிக்காமல் விசிலடித்துக்கொண்டு வளைவில் திரும்பினார். கார்டு கெட்டுப்போனால் ஓட்டை திரையோடு இருக்கும். இது மனுஷனோடு நகர்கிறது.

அவர்களை எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு வரச் சொல்லிவிட்டு, கார்டு கம்பெனிக்குப் போன் போட்டாள். பத்து நிமிஷம் பாட்டுக் கேட்க வைத்த பிறகு ஒரு பையன் பேசினான். மரியாதையான குரல். முழுவதையும் கேட்டான்.

"இது கோளாறு இல்லைங்க மேடம், சிக்கனம்" என்றான். "எங்க கார்டு படம் பூரா வரையாது. விளையாடறவங்க கண்ணு எங்க இருக்கோ அங்க மட்டும் நல்லா வரையும், மத்த இடத்தை லேசா வரையும். கரண்ட் மிச்சம், சூடும் கம்மி."

"அது தெரியும். லேசா வரையறது வேற, வரையாமயே விடறது வேறங்க."

"ஓரக்கண்ணுல ஏதாவது பட்டா, கண்ணு தானா அந்தப் பக்கம் திரும்பும் இல்லையா மேடம்? அதையும் கார்டு பாத்துக்கிட்டே இருக்கும். ஒரு இடத்துல என்ன வந்தாலும், எத்தனை வாரம் ஆனாலும், அவங்க கண்ணு திரும்பவே இல்லைன்னா, அங்க வரையறது வீண்னு முடிவு பண்ணி விட்டுடும்."

வினோதினி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். "அப்ப அந்த இடம் அவருக்குத் தெரியவே இல்லைன்னுதானே அர்த்தம்?"

"அப்படியும் இருக்கலாம் மேடம்."

"இந்த மாதிரி எத்தனை பேர் போன் பண்ணியிருக்காங்க?"

"நிறைய. ஆனா கவலைப்படாதீங்க, அடுத்த அப்டேட்ல சரி பண்ணிடுவோம். அந்த இடத்துல மங்கலா ஒரு படத்தைப் போட்டு மூடிடுவோம். பின்னால நிக்கறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது."

"அப்ப கண்ணு கெட்டது விளையாடறவருக்கு எப்படிங்க தெரியும்?"

பையன் கொஞ்சம் தயங்கினான். அவனுக்கும் மனசாட்சி இருந்திருக்க வேண்டும். "அது எங்க டிபார்ட்மெண்ட் இல்லைங்க மேடம்" என்றான்.

போனை வைத்ததும் வினோதினிக்கு முதலில் வந்தது கோபம். அடுத்து வந்தது வெட்கம். அந்த மனுஷரின் கண்ணில் பார்வை எவ்வளவு போயிற்று, எவ்வளவு வேகமாகப் போயிற்று என்று வாரா வாரம் குறித்து வைத்திருந்தது இந்தக் கார்டு ஒன்றுதான். அதை இரண்டு தடவை, சுத்தமாக, தன் கையாலேயே துடைத்துக் கொடுத்திருக்கிறாள்.

இருவரும் திரும்பி வந்ததும், சுற்றி வளைக்காமல் சொன்னாள். பூபதி முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது.

"கார்டு ரிப்பேர் பாக்கச் சொன்னா, கண்ணு ரிப்பேருங்கறீங்க."

"கார்டுல ரிப்பேர் இல்லீங்கண்ணா. அதான் சொல்றேன்."

"தெரியாம இருந்தா எனக்குத் தெரியாதா? இருட்டா இருக்கும்ல? எனக்கு இருட்டே இல்லையே."

"இருட்டா இருக்காதாமுங்க, இப்பத்தான் நெட்டுல படிச்சேன். தெரியாத இடத்தை மூளையே போட்டு நிரப்பிக்குமாம். அதனாலதான் யாருக்கும் தெரியறதில்ல."

"அம்மிணி, இருபத்தொரு வருஷமா வண்டி ஓட்டறேன். இந்த ரூட்டுல மட்டும் எட்டு வருஷம். வண்டியில ஒரு கீறல் காட்டுங்க பாக்கலாம். இடப்பக்கம் கண்ணு தெரியாதவன் அட்டகட்டி வளைவுல ஒரு நாள் தாங்குவானா?"

அது வினோதினிக்கும் புரியவில்லை. இவ்வளவு பெரிய ஓட்டையோடு ஒரு மனுஷன் அந்த மலையில் தினம் ஏறி இறங்கிக்கொண்டிருக்க முடியாது.

பூபதி சுவரைக் காட்டினார். 'உங்கள் தகவல் உங்களுடையது. கேட்டால் அழித்துத் தரப்படும்' என்று வினோதினியே எழுதி மாட்டிய பலகை. "கேக்கறேன், அழிச்சுக் குடுங்க. இது முதலாளி காதுக்குப் போச்சுன்னா நாளைக்கே என் சீட்டுல வேற ஆளு உக்காந்துக்குவான். பொண்ணு காலேஜு ரெண்டாவது வருஷமுங்க. எனக்கு ஸ்டியரிங்க விட்டா வேற எதையும் புடிக்கத் தெரியாது."

கடைசி வாக்கியத்தில் அவர் குரல் கம்மியது. இவருக்குப் பாதி தெரிந்திருக்கிறது என்று வினோதினிக்கு அப்போதுதான் தோன்றியது.

"நான் அழிக்க மாட்டேண்ணா. ரெண்டு தடவை அழிச்சதே போதும். உங்க தகவல், நீங்களே அமுக்கிக்கங்க." விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளினாள்.

அமுக்க மாட்டார் என்றுதான் நினைத்தாள். அமுக்கிவிட்டார். கார்டைக் கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டு, மனைவியைக்கூடக் கூப்பிடாமல் படியிறங்கினார்.

மைதிலி நின்றாள். "நெசந்தானா அம்மிணி?"

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கக்கா. சீக்கிரம்."

"வர மாட்டாருங்க. எனக்கு அவரத் தெரியும்." கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலையில் வினோதினி கடையைத் திறக்கவில்லை. பஸ் முதலாளியிடம் போய்ச் சொல்லலாம்; ஆனால் கையில் காட்ட ஒன்றும் இல்லை, இருந்த ஒரே அத்தாட்சியும் போயிற்று. சும்மா இருக்கலாம் என்றால் அந்த பஸ்ஸில் ஐம்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் போய், பூபதி ஓட்டுகிற ஒன்பதரை மணி வால்பாறை வண்டியில் ஏறினாள். கண்ணால் பார்த்துவிட்டு முடிவு பண்ணலாம் என்பதைத் தாண்டி அவளிடம் திட்டம் எதுவும் இல்லை.

பூபதி அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, "முன் சீட்டுல உக்காருங்க. நல்லாத் தெரியும்" என்றார் வீம்பாக.

அவர் நன்றாகத்தான் ஓட்டினார். வண்டி வெண்ணெயில் போவதுபோலப் போயிற்று. ஆழியாறு ரோட்டில் புளியமரங்களுக்கு நடுவே எதிரே வந்த டேங்கர் லாரிக்கு அளவாக ஒதுங்கி, அளவாக ஏறினார். தான்தான் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டோமோ என்று வினோதினிக்கே சந்தேகம் வந்தது. அப்படி இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள்.

கண்டக்டர் பெயர் நந்தகோபால். முப்பது வயது இருக்கும், சரியான வாயாடி. முன்வாசல் கம்பியைப் பிடித்து நின்றவன் அங்கிருந்து நகரவே இல்லை. பின்சீட்டுக்காரர்களுக்கு டிக்கெட்டெல்லாம் கை மாறிக் கை மாறித்தான் போயிற்று; பழகினவர்கள் போல அவர்களும் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக் கொடுத்துக்கொண்டார்கள். அவன்பாட்டுக்குப் பேசிக்கொண்டே வந்தான்.

"பாருங்ணா, ரெண்டு ஆடு தனியா மேயுது, மேய்க்கறவனக் காணோம். அதா, ஒரு தாத்தா சைக்கிள்ல கிளம்பிட்டாரு. பாலத்துக்கு வெள்ளையடிச்சுட்டாங்ணா, நல்லா இருக்குது. பள்ளிக்கூடப் புள்ளைங்க நாலு பேரு, இன்னைக்கு லேட்டு போல."

பூபதி 'ம்' கொட்டிக்கொண்டு ஓட்டினார். வினோதினி முதலில் ரசித்துக்கொண்டுதான் இருந்தாள். பிறகு வலப்பக்கம் ஒரு கோயில் தேர் அலங்காரத்தோடு நின்றது. ஊரே அதைப் பார்த்தது, நந்தகோபால் மட்டும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த நொடியே இடப்பக்கம் கிடந்த ஒரு கல்லைப் பற்றிச் சொன்னான்.

அதன் பிறகு வினோதினி எண்ணிக்கொண்டே வந்தாள். அவன் சொன்ன ஆடு, ஆள், கல், சைக்கிள், தூண் எல்லாமே இடப்பக்கம்.

ஆழியாறு செக்போஸ்ட்டில் வண்டி டீக்காக நின்றது. அதைத் தாண்டினால் மலை. வினோதினி நந்தகோபாலைத் தனியே மடக்கினாள்.

"எத்தனை நாளா அவருக்குப் பதிலா நீங்க பாத்துச் சொல்லிட்டு இருக்கீங்க?"

அவன் மறுக்கவில்லை. மறுக்கத் தோன்றாத அளவுக்குக் களைத்திருந்தான். "யாருங்க சொன்னது உங்களுக்கு? எட்டு ஒம்பது மாசம் இருக்குமுங்க."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. வாய் ஓயாத பயன்னு வைவாரு. அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்." டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "எனக்கு இந்த வேலை வாங்கிக் குடுத்ததே அவருதாங்க. என் சம்சாரத்துக்குப் பிரசவ நேரத்துல வண்டியோட ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தாரு. அவரு சோத்துல நான் எப்படிங்க மண்ணு போடறது?"

"லீவு போட்டா என்ன பண்ணுவீங்க?"

"மாசியில இருந்து லீவே போடலீங்க."

"காய்ச்சல் வந்தா?"

"வந்துச்சுங்க. காய்ச்சலோட வந்தேன்."

வினோதினிக்கு அவனைத் திட்ட வாய் வரவில்லை. கம்பெனிக்காரன் மூடப் போவதாகச் சொன்ன அதே ஓட்டையை இவனும் மூடியிருக்கிறான்; அவனுக்கு அதில் கரண்ட் மிச்சம், இவனுக்கு உயிர் போகிறது. "இன்னும் எத்தனை நாளைக்குங்க உங்களால முடியும்?" என்று மட்டும் கேட்டாள்.

அவன் கிளாஸை வைத்துவிட்டு வண்டியில் ஏறினான்.

ஜனங்கள் ஏறியாயிற்று. பூபதி என்ஜினைப் போட்டு நேரே மலையைப் பார்த்தபடி கியரில் கை வைத்தார். விசில் வரவில்லை.

"அண்ணா" என்றான் நந்தகோபால். "ரோட்டப் பாத்துக்கிட்டே சொல்லுங்க. என் கை எங்க இருக்குது?"

அவன் வலது கையைக் கியர் கம்பிக்குப் பக்கத்தில், பூபதியின் இடது முழங்காலுக்கு இரண்டடி தள்ளி நீட்டியிருந்தான். ஐந்து விரலும் விரிந்திருந்தன. முன்சீட்டில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரிந்தது.

"எந்தக் கைடா?" என்றார் பூபதி.

நந்தகோபால் விரல்களை ஆட்டினான். கையை எடுக்கவில்லை. "இதுதாங்ணா" என்றபோது அழுதுவிட்டான்.

பூபதி மெல்லத் தலையைத் திருப்பினார். கை வந்தது. மறுபடி ரோட்டைப் பார்த்தார். மறுபடி திருப்பினார். இப்படி மூன்று தடவை. பிறகு என்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சாவியை உருவித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"மேல ஏற வேண்டாம். வேற வண்டி வரச் சொல்லு" என்றார்.

அன்று மத்தியானமே கோயம்புத்தூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பூபதி, மைதிலி, வினோதினி, கூடவே யூனிபாரத்தைக்கூட மாற்றாமல் நந்தகோபால். சோதனையெல்லாம் முடிந்து டாக்டரம்மா கூப்பிட்டபோது சாயங்காலம் ஆகிவிட்டது. ரெண்டு கண்ணிலும் நரம்பு தேய்ந்திருக்கிறது, போனது போனதுதான், மிச்சமிருப்பதைச் சொட்டு மருந்து விட்டுக் காப்பாற்றலாம் என்றார். பஸ் ஓட்டக் கூடாது என்பதையும் சொன்னார். பூபதி அதைக் கேட்டுத் தலையை மட்டும் ஆட்டினார்.

"எவ்வளவு வேகமாப் போயிருக்குன்னு தெரிஞ்சா மருந்தா, ஆபரேஷனான்னு சீக்கிரம் முடிவு பண்ணலாம்" என்றார் டாக்டரம்மா. "எப்ப ஆரம்பிச்சுது, எப்ப கூடுச்சுன்னு ஏதாவது கணக்கு இருக்கா?"

வினோதினி தலையைக் குனிந்துகொண்டாள். "இருந்துச்சுங்க டாக்டர். அழிச்சுட்டோம்."

"எனக்குத் தெரியுங்க" என்றான் நந்தகோபால்.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோலச் சொன்னான். "மாசியில மைல் கல்லுங்க. ஓரமா இருந்தா மட்டும் தெரியாது. பங்குனி கடைசியில நாய், ஆட்டுக்குட்டி. வைகாசியில சைக்கிள் சொல்ல ஆரம்பிச்சேன். ஆனியில ஆளுங்க நின்னாத் தெரியல. ஆடி பதினெட்டுக்கு ரெண்டு நாள் முன்னால லாரிங்க. அதுக்கப்புறம் எல்லாத்தையுமே சொல்லிட்டுத்தான் வாரேன்."

டாக்டரம்மா ஒவ்வொன்றையும் இங்கிலீஷ் மாசம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார்.

"எந்த லாரிடா?" என்றார் பூபதி.

"ஒம்பதாவது வளைவுலங்ணா. ஓரமா ரிப்பேராகி நின்னுச்சு. நான் 'டீ குடிக்கலாம் நிறுத்துங்க'ன்னு கத்தினேனே."

பூபதிக்கு நினைவு வந்தது. "பிரேக்கப் போட்டுட்டு உன்ன வஞ்சேன். வளைவுல எவனாவது டீ கேப்பானான்னு அத்தனை ஜனத்துக்கு முன்னால வஞ்சேன்."

"வஞ்சீங்க. வண்டி நின்னுச்சுல்லீங்ணா."

நந்தகோபால் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தான். பூபதி தலையை முழுசாகத் திருப்பி, வெகு நேரம் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.